மோலா எங்கே?

அந்த நகரத்தில் எந்தத் தெருவுக்கும் ஒரு பேர் போதாது.

மாநகராட்சி ஒரு பேர் வைத்திருக்கும். அது நீலப் பலகையில் இருக்கும். அதை யாரும் படிக்க மாட்டார்கள். ஊர் இன்னொரு பேர் வைத்திருக்கும். அது எந்தப் பலகையிலும் இருக்காது. ஆனால் அதைச் சொல்லாமல் எந்த ஆட்டோவும் நகராது.

எங்கெங்கிருந்தோ ஆட்கள் பிழைக்க வந்து சேர்ந்த நகரம் அது. முதலில் ஒருவர் வருவார். அவர் தன் அண்ணனைக் கூப்பிடுவார். அண்ணன் மச்சானைக் கூப்பிடுவார். மச்சான் பக்கத்து வீட்டையே கிளப்பிக்கொண்டு வந்துவிடுவார். கொஞ்ச நாளில் ஒரு தெரு முழுக்க ஒரே பாஷை கேட்கும்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்குப் பேர் வைப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? அங்கே குடியிருப்பவர்களா? அதுதான் இல்லை. அந்தப் பக்கமாகப் போகிறவர்கள்.

வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடும் தெருவுக்குக் 'கடகடத் தெரு' என்று பேர். கடல் தாண்டி வந்தவர்கள் இருக்கும் தெருவுக்குக் 'கப்பல் வரிசை' என்று பேர். வசதியானவர்கள் இருக்கும் அடுக்குமாடிகளுக்கு மட்டும் 'பூந்தோட்டம்' என்று பேர். அங்கே பூவும் கிடையாது, தோட்டமும் கிடையாது. வசதி இருந்தால் நமக்கு நாமே பேர் வைத்துக்கொள்ளலாம்; யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

குண்டூசி குடியிருந்த தெருவுக்கு 'ஓட்டைத் தெரு' என்று பேர். அவசரமாகச் சொல்கிறவர்கள் 'ஓட்டத்தெரு' என்பார்கள்.

பேரில் பொய் ஒன்றும் இல்லை. அந்தத் தெருவில் ரோடு கொஞ்சம், பள்ளம் மிச்சம். மழை பெய்தால் எது ரோடு, எது குளம் என்று வாத்துக்குக்கூடத் தெரியாது. தெருவின் நடுவில், எல்லாவற்றிலும் பெரிய பள்ளத்துக்கு நேர் எதிரே, குண்டூசியின் அம்மா பஞ்சர் கடை வைத்திருந்தார்.

“இந்த ஓட்டைங்கதான் நமக்குச் சோறு போடுது. அதைப் பார்த்து மூஞ்சியைத் தூக்காதே,” என்பார் அம்மா.

குண்டூசி மூஞ்சியைத் தூக்கத்தான் செய்தாள். ஆள் சின்னவள், ஒல்லி. ஆனால் வாயைத் திறந்தால் சுருக்கென்று குத்தும். அதனால்தான் அந்தப் பட்டப்பேர். அந்தப் பேரைப் பற்றி அவளுக்கு வருத்தம் இல்லை. தெருவின் பேர்தான் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில், அந்த ஊருக்கே புதிதாக வந்திருந்த டீச்சர் சொன்னார்: “திங்கக்கிழமை எல்லாரும் அவங்கவங்க தெருவைப் பத்திப் பேசணும். இப்போ தெருப் பேரை மட்டும் சொல்லுங்க, பார்ப்போம்.”

குண்டூசியின் முறை வந்தது. “நான்காவது குறுக்குத் தெரு, டீச்சர்.”

“அப்படியா? அது எந்தப் பக்கம்மா இருக்கு?”

பின் பெஞ்சிலிருந்து மைக் எழுந்தாள். மைக் பூந்தோட்டத்துப் பெண். அவள் ரகசியம் பேசினாலே பக்கத்து வகுப்பில் ஆஜர் சொல்வார்கள். அப்படி ஒரு குரல்.

“டீச்சர், அது ஓட்டைத் தெரு! அவங்க அம்மா அங்கதான் பஞ்சர் ஒட்டுறாங்க!”

வகுப்பே சிரித்தது. ஒருவன் டயரிலிருந்து காற்று போவதுபோல் ‘புஸ்ஸ்ஸ்’ என்றான்.

குண்டூசியின் காது இரண்டும் சூடாகின. இனிமேல் உயிரே போனாலும் அந்தப் பேரை என் வாயால் சொல்ல மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தாள்.

பள்ளி விட்டதும் மைக் பின்னாலேயே வந்தாள்.

“ஏய், கோவமா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன் மூஞ்சி உர்ருனு இருக்கு?”

“என் மூஞ்சியே அப்படித்தான்.”

“நான் பொய் ஒண்ணும் சொல்லலியே, குண்டூசி. தெரிஞ்சதைத்தானே சொன்னேன்.”

“தெரிஞ்சதையெல்லாம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லணுமா?”

“எனக்கு மெதுவாப் பேச வராதுடி,” என்றாள் மைக். ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

சிக்னல் அருகே பழக்காரம்மாவின் தள்ளுவண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். இருவரும் நடுவில் புகுந்து எட்டிப் பார்த்தார்கள்.

நான்கு வயது இருக்கும், ஒரு குட்டிப் பெண். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு காலில் இல்லை. மூக்கு ஒழுக, கண் ஒழுக நின்றுகொண்டு, “மோலா! மோலா!” என்று அழுதாள்.

“மோலான்னா யாரும்மா? அப்பா பேரா?” என்று கேட்டார் ஒருவர்.

“எந்த பாஷைன்னே புரியலையே.”

“முகத்தைப் பார்த்தாக் கப்பல் வரிசை ஆள் மாதிரி இருக்கு.”

“சட்டையைப் பாருங்க சார். கடகடத் தெருவேதான்.”

“யாரா இருந்தா என்ன? அந்தப் பக்கத்து ஆளுங்க பிள்ளைங்களை இப்படித்தான் ரோட்டுல விட்டுடுவாங்க.”

குண்டூசிக்குச் சுருக்கென்றது. குழந்தை எந்த வீடு என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எந்த ஆட்கள் என்றுதான் எல்லோரும் யோசித்தார்கள்.

அவள் குழந்தைக்கு முன்னால் உட்கார்ந்து, தன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். குழந்தை அழுகையைக் கொஞ்சம் குறைத்தது. பிறகு ஒரு கையை மேலே கொண்டுபோய்க் கீழே இறக்கி, காற்றில் ஒரு மேடு வரைந்தது. “மோலா,” என்றது. வாயை இப்படியும் அப்படியும் கோணலாக அசைத்து, எதையோ மென்றும் காட்டியது.

“ஐயோ பாவம், பசிக்குதுடா!” என்று பழக்காரம்மா ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தார். குழந்தை பழத்தைச் சாப்பிட்டது. சாப்பிட்டு முடித்ததும் மறுபடியும், “மோலா!”

சிக்னலில் நின்றிருந்த போலீஸ்காரர் வந்தார். அவரது சீருடையைக் கண்டதும் குழந்தை வீறிட்டு, குண்டூசியின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

“நான் சிக்னலை விட்டு நகர முடியாது,” என்றார் அவர். “ஸ்டேஷன்ல இருந்து ஒரு மேடத்தை வரச் சொல்லியிருக்கேன். அவங்க வந்தா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்குள்ள யார் வீட்டுக் குழந்தைன்னு தெரிஞ்சா இன்னும் நல்லது.”

ஒரு போலீஸ்காரரைப் பார்த்தே இப்படி நடுங்குகிறது. ஸ்டேஷன் முழுக்கப் போலீஸ்காரர்கள் இருப்பார்களே என்று குண்டூசி நினைத்தாள்.

“கடகடத் தெருவும் கப்பல் வரிசையும் பக்கத்துலதான் சார். நாங்க போய்க் கேட்டுட்டு வர்றோம்.”

“உங்க ரெண்டு பேரை நம்பி எப்படிம்மா அனுப்புறது?”

“நான் போறேன் அவங்களோட,” என்றார் பழக்காரம்மா. “வண்டியைத் தள்ளிக்கிட்டே வர்றேன். அந்தப் பக்கமும் ரெண்டு பழம் வித்த மாதிரி இருக்கும்.”

குழந்தையைக் கொய்யாப்பழங்களுக்கும் வாழைப்பழங்களுக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டது. வண்டி கிளம்பியது.

கடகடத் தெருவுக்குள் நுழைந்ததுமே மெஷின் சத்தம் காதை நிறைத்தது. முதல் வீட்டு வாசலில் ஒரு தையல் அக்கா, வாயில் நூலைக் கடித்துக்கொண்டு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, இந்தப் பாப்பா உங்க கடகடத் தெருவா?” என்று கேட்டாள் குண்டூசி.

தையல் அக்கா மெஷினை நிறுத்தினார்.

“யாரோட குழந்தைன்னு தெரியலைன்னா, உடனே எங்க தெருதானா?”

குண்டூசி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“எங்க பிள்ளை இல்லம்மா. அப்புறம், கடகடத் தெருன்னு நீங்கதான் சொல்றீங்க. நாங்க யாரும் அப்படிச் சொல்றது இல்ல. எங்க பாஷையில இதுக்குப் பேர் ‘வெளிச்சம்’.”

“வெளிச்சமா?”

“இங்க காலையில வெயில் நேரா வாசலுக்கு வரும். லைட் போடாமலே ஊசியில நூல் கோக்கலாம். அதைப் பார்த்துத்தான் முதல்ல வந்தவங்க இந்தத் தெருவைப் பிடிச்சாங்க.”

குண்டூசி அந்தத் தெரு வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறாள். அங்கே வெயில் எப்படி வரும் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. காதைப் பொத்திக்கொண்டு ஓடியதுதான் ஞாபகம் வந்தது.

“மோலா!” என்று வண்டியிலிருந்து குழந்தை கத்தியது.

“மோலாவா?” தையல் அக்கா சிரித்துவிட்டார். “எங்க பாஷையில மோலான்னா பொத்தான்.” ஒரு டப்பாவைத் துழாவி, பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

குழந்தை பொத்தானை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. இல்லை என்று தலையை ஆட்டியது. ஆனால் பொத்தானைத் திருப்பித் தரவில்லை.

“விவரமான ஆளுதான்,” என்றார் பழக்காரம்மா.

காற்றில் அது மறுபடியும் மேடு வரைந்து காட்டியது. மேலே, கீழே.

“அலைடி! கடல் அலை! கப்பல் வரிசையேதான்!” என்று மைக் கத்திய கத்தலில் தெருவில் பாதி மெஷின்கள் நின்றுபோயின.

கப்பல் வரிசையில் முதலில் இருந்தது ஒரு முடிவெட்டும் கடை. கடைக்கார அண்ணன் ஒரு தாடிக்காரரின் பாதி முகத்தில் சோப்பு போட்டிருந்தார்.

இந்தத் தடவை குண்டூசி யோசித்துக் கேட்டாள். “அண்ணே, இந்தப் பாப்பா வழி தெரியாம நிக்குது. உங்களுக்கு அடையாளம் தெரியுதா? அப்புறம்... உங்க தெருவை நீங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?”

அண்ணன் கத்தியை நிறுத்திவிட்டு அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“இதை இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையே! ஊரே கப்பல் வரிசைங்குது. எங்க வீட்ல கடைசியாக் கப்பல் ஏறினது என் தாத்தா. எனக்குப் படகைப் பார்த்தாலே வாந்தி வரும். எங்க பாஷையில இதுக்குப் பேர் ‘வந்துட்டோம்’.”

“என்னது?”

“வந்துட்டோம். கப்பல்ல இருந்து இறங்கினவங்க மூட்டையை இங்கதான் இறக்கி வெச்சாங்களாம். ‘வந்துட்டோம்’னாங்களாம். அதுவே பேராயிடுச்சு.”

“நல்லா இருக்குண்ணே,” என்றாள் குண்டூசி. நிஜமாகவே நன்றாக இருந்தது.

அண்ணன் குழந்தையிடம் குனிந்து, சோப்புக் கையால் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தார். “மோலா!” என்றது குழந்தை. அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

“என்னண்ணே?”

“எங்க பாஷையில மோலான்னா ‘போதும்’. போதும்னு சொன்னதுக்கு அப்புறம் தொடலாமா?” என்று சிரித்தார். “ஆனா இது எங்க பாப்பா இல்லம்மா. எங்க தெருவுல இருந்தா எனக்குத் தெரியாமப் போகாது. முடி எல்லாருக்கும் வளரும்ல?”

“எனக்கும் வளருதுப்பா,” என்றார் பாதி முகத்தில் சோப்பு காய்ந்துபோய் உட்கார்ந்திருந்த தாடிக்காரர்.

மறுபடியும் சிக்னலுக்கே வந்தார்கள். வெயில் இறங்கிவிட்டது. குழந்தை களைத்துப்போய் வண்டியின் விளிம்பில் சாய்ந்திருந்தது. ‘மோலா’ என்று சொல்லும்போது குரலில் தெம்பே இல்லை.

“மேடம் கிளம்பிட்டாங்களாம். இதோ வந்துடுவாங்க,” என்றார் போலீஸ்காரர்.

குண்டூசிக்கு அழுகை வரும்போல் இருந்தது. அழுதால் தன் மேலேயே கோபம் வரும் என்று அடக்கிக்கொண்டாள். அப்போது அம்மாவின் கடையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி அவளுக்கு ஞாபகம் வந்தது.

பஞ்சரான டியூபைக் கண்ணால் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியாது. அம்மா அப்படித் தேடவும் மாட்டார். டியூபில் காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிச் சுற்றிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் குமிழி வரும். ஓட்டை அங்கேதான். “டியூபே சொல்லிடும். நாம சும்மா இருந்து கவனிச்சாப் போதும்,” என்பார்.

நாம் ஊரைக் கேட்டோம், பாப்பாவைக் கேட்கவே இல்லையே என்று நினைத்தாள் குண்டூசி.

“மைக், கொஞ்ச நேரம் பேசாம வா.”

“நானா?”

“முடிஞ்ச வரைக்கும் பேசாம வா.”

குழந்தையைக் கீழே இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு, சிக்னலை ஒட்டிய கடைகள் ஓரமாக மெதுவாக நடந்தாள். எதுவும் சொல்லவில்லை. குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள். டீக்கடை வந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. பாத்திரக்கடை. ஒன்றும் இல்லை. செருப்புக்கடையில் தன் வெறுங்காலை ஒரு தடவை பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான். பொம்மைக் கடை வாசலில்கூட நிற்கவில்லை.

ஸ்டேஷனரி கடை வந்தது. வாசலில் எழுத்துப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. அணில், ஆடு, இலை, ஈ என்று கட்டம் கட்டமாகப் பொம்மைகள்.

குழந்தையின் கை துள்ளியது.

“மோலா! மோலா! மோலா!”

கையை உதறிக்கொண்டு ஓடி, நுனிக்காலில் எம்பி, ஒரு கட்டத்தைத் தட்டியது. ‘ஒ’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே, முதுகில் மேட்டோடு, வாயைக் கோணலாக வைத்து எதையோ மென்றபடி நின்றது...

“ஒட்டகம்!” என்றாள் குண்டூசி.

“ஒட்டகமா?” என்று மைக் அலறினாள். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. “இந்த ஊர்ல ஏதுடி ஒட்டகம்?”

அலறலைக் கேட்டு, சிக்னலில் நின்றபடியே போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “ஒருவேளை மிருகக்காட்சி சாலையில குடியிருக்காங்களோ?”

“அது வாயில்லாத ஜீவன் இருக்கிற இடம் சார். இந்தப் பாப்பாவுக்கு வாய் இருக்கே,” என்றார் பழக்காரம்மா.

“ஒட்டகக் கடைன்னு ஏதாவது? ஒட்டகத் தெருன்னு ஏதாவது?” மைக் ரோட்டைப் பார்த்துத் திரும்பினாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். “ஒட்டகத் தெரு! ஒட்டகத் தெரு யாருக்காவது தெரியுமா? ஒட்டகத்தெரு! ஒட்டத்தெரு!”

அவசரத்தில் அவள் வாயில் எழுத்துகள் தேய்ந்துகொண்டே போயின. குண்டூசி அப்படியே நின்றுவிட்டாள்.

ஒட்டகத்தெரு. ஒட்டத்தெரு. ஓட்டத்தெரு.

பாஷை புதிதான காதுக்கு மூன்றும் ஒன்றுதான். எல்லோரும் மோலா மோலா என்று ஊரெல்லாம் தேடினோமே. விடை பிடிபட்டது ஒரே ஆளுக்குத்தான். அந்த ஆளோ, உயிரே போனாலும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன் என்று கடைசி வகுப்பில்தான் முடிவு செய்திருந்தாள்.

குழந்தை அவளை அண்ணாந்து பார்த்தது.

“அது ஓட்டைத் தெரு,” என்றாள் குண்டூசி, எல்லோருக்கும் கேட்கும்படி. “எங்க தெரு.”

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். “ஓட்டைத் தெருவா? அந்தப் பக்கம் என் வண்டி வராது. போன தடவை போய் ஒரு சக்கரம் கோணிப்போச்சு.”

“யாரு உங்களைக் கூப்பிட்டா?” என்றாள் குண்டூசி.

தள்ளுவண்டியே போயிற்று. மேடம் வந்தால் ஓட்டைத் தெருவுக்கு அனுப்புவதாகப் போலீஸ்காரர் சொன்னார். தெருவுக்குள் நுழைந்ததும் வண்டி குதித்த குதியில் கொய்யாப்பழங்கள் உருண்டன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் குழந்தை கைதட்டிச் சிரித்தது.

பஞ்சர் கடை வாசலில் கூட்டம். ஒரு பெண் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் குட்டிச் செருப்பு ஒன்று. பக்கத்தில் சட்டையெல்லாம் பெயின்ட் தெறித்த ஒருவர், சைக்கிளோடு தவித்துக்கொண்டு நின்றார். குண்டூசியின் அம்மா அந்தச் சைக்கிள் டியூபைத் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

குண்டூசியைப் பார்த்ததும், “எங்கடி போன இவ்வளவு நேரம்? இங்க ஒரு குழந்தையைக் காணோம். இவர் தேடப் போன சைக்கிளும் நம்ம பள்ளத்துல விழுந்து பஞ்சர்...” என்ற அம்மா, வண்டியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

படியில் இருந்த பெண் எழுந்து ஓடி வந்த வேகத்தைச் சொல்ல முடியாது. குழந்தையைக் கொய்யாக்களோடு சேர்த்தே வாரி எடுத்தார். அழுதார். முதுகில் ஒன்று வைத்தார். உடனே அந்த முதுகையே தடவிக் கொடுத்தார். அம்மாக்கள் எல்லாப் பாஷையிலும் அப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது.

பெயின்ட் அடிக்கிற அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெரிந்த தமிழை எல்லாம் திரட்டினார்.

“நாங்க புதுசு. பேப்பர் குடோன் மாடி. பாப்பா புக் படிச்சுத் தமிழ் படிக்கிறேன். அணில், ஆடு, இலை, எல்லாம் தெரியும்.”

“அணிலை வெச்சுக்கிட்டு வீடு எப்படிப்பா வாடகைக்குப் பிடிச்ச?” என்றார் பழக்காரம்மா.

“புரோக்கர் சொன்னாரு, ஓட்டத்தெரு. நான் புக்ல தேடினேன். ஒட்டகம்! ஒட்டகம் தெரு!” அவர் முகம் மலர்ந்தது. “ரொம்ப நல்ல பேரு. எங்க ஊர்ல ஒட்டகம் வெச்சிருக்கிறவங்க பெரிய பணக்காரங்க. ஒட்டகம் தெருவுல வாடகை ஏன் இவ்வளவு கம்மின்னு எனக்கு ஒரே ஆச்சரியம்.”

குண்டூசியின் அம்மா கையிலிருந்த டியூபை விட்டுவிட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“பாப்பா தினம் கேட்கும், ஒட்டகம் எங்கே, ஒட்டகம் எங்கே? இன்னிக்கு அதுவே தேடப் போயிடுச்சு.”

அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை கண்ணீர் காயாத முகத்தோடு குண்டூசியைப் பார்த்தது. “மோலா?” என்று கேட்டது.

எல்லோரும் குண்டூசியைப் பார்த்தார்கள். அந்தப் பேருக்கு நிஜமான அர்த்தம் என்ன என்று சொல்ல மைக் வாயைத் திறந்தாள். குண்டூசி அவள் காலை மிதித்தாள்.

“இருக்கு பாப்பா,” என்றாள். “மோலா இன்னிக்கு வேலைக்குப் போயிருக்கு. நாளைக்கு வந்துடும்.” பெயின்ட் அடிக்கிற அப்பா அதைத் தங்கள் பாஷையில் குழந்தைக்குச் சொன்னார்.

“நாளைக்கு வரும்னு சொல்லிட்ட. எங்கிருந்துடி வரும்?” என்று மைக் காதோடு கேட்டாள். தெருவுக்கே கேட்டது. நல்லவேளை, குழந்தைக்குத் தமிழ் தெரியாது.

மறுநாள் காலையிலேயே மைக் பழைய சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். குண்டூசி கடையின் பின்பக்கத்தில் பழைய சாமான்களைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

தேய்ந்துபோன டிராக்டர் டயர் ஒன்று கிடந்தது. இருவரும் அதை உருட்டி வந்து, கடைக்கு எதிரே இருந்த அந்தப் பெரிய பள்ளத்தில் இறக்கினார்கள். பாதி டயர் உள்ளே போயிற்று. பாதி வெளியே நின்றது, அசல் ஒட்டகத்தின் முதுகு மாதிரி. கழுத்துக்கு வளைந்த சைக்கிள் ஹாண்டில் கம்பி. தலைக்குச் சைக்கிள் சீட்டு.

சைக்கிள் சீட்டைத் திருப்பி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அது ஒட்டகத்தின் முகமேதான். கண் மட்டும்தான் பாக்கி.

“அடியே, அது நல்ல சீட்டு!” என்று கத்தினார் அம்மா. பிறகு அவரே வந்து, கழுத்து ஆடாமல் இருக்க டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்.

விஷயம் எப்படியோ பரவிவிட்டது. மைக்குக்குத் தெரிந்த விஷயம் பரவாமல் இருக்குமா? தையல் அக்கா இரண்டு பெரிய கறுப்புப் பொத்தான்கள் அனுப்பினார், கண்ணுக்கு. முடிவெட்டும் அண்ணன் வாலுக்கு ஒரு கற்றை முடியோடு வந்தார். “தாடிதான். பரவாயில்லையா?” என்றார். பெயின்ட் அடிக்கிற அப்பா மண் நிறத்தில் ஒரு டப்பா கலக்கி, முதுகிலிருந்து மூக்கு வரை பூசினார். பூசும்போது ஏதோ பாட்டுப் பாடினார். அதில் ‘மோலா’ மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

பெயின்ட் காய்ந்ததும் குழந்தையைக் கூட்டி வந்தார்கள். அது ஒட்டகத்தை ஒரு தடவை சுற்றி வந்தது. பிறகு ஓடிப்போய் ஒட்டகத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்பதுபோல் அதன் காதில் நிறைய நேரம் பேசியது.

திங்கட்கிழமை வகுப்பில் குண்டூசியின் முறை வந்தது. பின் பெஞ்சில் ஒருவன் ‘புஸ்ஸ்ஸ்’ என்று ஆரம்பித்தான். மைக் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நின்றுவிட்டது.

“எங்க தெருவுக்கு மூணு பேரு டீச்சர்,” என்றாள் குண்டூசி. “பலகையில நான்காவது குறுக்குத் தெரு. ஊர்ல ஓட்டைத் தெரு. எங்களுக்கு ஒட்டகத் தெரு.”

“ஒட்டகமா?” டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒட்டகம் எங்க இருக்கு?”

“ஓட்டையில, டீச்சர்.”

வகுப்பு சிரித்தது. இந்தத் தடவை குண்டூசியும் சேர்ந்துதான் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், “உங்க வீட்ல உங்க தெருவை என்ன சொல்வீங்க?” என்று அவள் கேட்டாள். வெளிச்சத்துப் பெண் ஒருத்தி முதலில் கை தூக்கினாள். வந்துட்டோம் பையன் ஒருவன் அடுத்துத் தூக்கினான். மணி அடிக்கும்வரை கைகள் இறங்கவில்லை. மைக் மட்டும், பூந்தோட்டத்துக்கு முதலில் ஒரு செடியாவது வாங்க வேண்டும் என்று டீச்சரிடம் வருத்தப்பட்டாள். வருத்தம் பக்கத்து வகுப்புக்கும் கேட்டது.

அன்று மாலை சிக்னலில் பெரிய மூட்டையோடு ஒரு பெரியவர் அந்த ஆட்டோக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார், “ஓட்டைத் தெரு போகணும்ப்பா, வருவியா?”

“ஒட்டகத் தெருவா?” என்றார் ஆட்டோக்காரர். “ஏறுங்க. ஒட்டகம் வரைக்கும் வருவேன். அதைத் தாண்டி என் வண்டி வராது.”